சமையற்காரரை முதலில் நியமித்தோம்

வளைகுடாக் கரையில் ஓர் எண்ணெய்த் துறைமுகத்தில் பட்டறை அமைத்து எண்ணெய்த் தொட்டிகளைப் பழுதுபார்ப்பதற்காக எங்கள் நிறுவனம் முதன்முதலில் நியமித்த ஆள் ஒரு சமையற்காரர். அப்போது ஒரு வெல்டர்கூட எடுக்கப்படவில்லை. எந்திரங்களை ஏற்றிச் செல்லும் கப்பல் எது என்பதும் முடிவாகவில்லை. மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு மெஸ்ஸில் பன்னிரண்டு ஆண்டுகள் அடுப்பின் முன் நின்ற அந்த மனிதருக்கு நியமனக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். பட்டியலில் வரிசை எண் ஒன்று. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அறுபதுகளின் முற்பகுதி. நிறுவனத்தின் பட்டறையும் அலுவலகமும் செம்பூரில் இருந்தன. சுத்திகரிப்பு ஆலையின் நெடி மாலைக்குள் சட்டைக் கழுத்தில் ஏறிவிடும் தொலைவு. நான் மாட்டுங்காவில் இருவரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டு, நாள்தோறும் குர்லாவில் வண்டி மாறிச் செம்பூர் போய்வந்தேன். திருநெல்வேலிப் பக்கத்தவன், புலவர் தேர்வு எழுதியவன். தமிழாசிரியர் வேலை வாய்க்காமல் தட்டச்சும் சுருக்கெழுத்தும் பழகிப் பம்பாய்க்கு வந்து, ஆள் எடுக்கும் பிரிவில் எழுத்தனாக அமர்ந்திருந்தேன்.

என் மேலாளர் பாலக்காட்டுப் பூர்வீகத்தவர். இரண்டு தலைமுறையாக மாட்டுங்காவாசி. அவரைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை மிச்சம். அவர் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. என் தந்தையார் இறந்தபோது ஊர் போய்வர விடுப்பு எழுதித் தந்து, தாதர் நிலையம் வரை உடன் வந்து வண்டி ஏற்றிவிட்டவர். அந்த மென்மைதான் எனக்கு இன்றும் ஆறாத எரிச்சல். முரடனாக இருந்திருந்தால் அன்றே அவரோடு சண்டையிட்டிருப்பேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அதுவும் பொய்யாகவே இருக்கும்.

சமையற்காரரை முதலில் எடுத்ததற்கு அவர் சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. வேறொரு நிறுவனம் முன்பு அதே கரைக்கு ஆள் அனுப்பி, உணவு ஒத்துக்கொள்ளாமல் அலுவலர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்களாம். ஆகவே அங்கே இரண்டு குடியிருப்புகள் திட்டமிடப்பட்டன. ஒன்று, அலுவலர்களுக்கான ஆறு கட்டில் வீடு. அதற்கு நம் சமையற்காரரின் சைவச் சமையல். மற்றது, தொழிலாளர்களுக்கான தகரக் கொட்டகை வரிசை. அங்கே அவர்களே முறைவைத்துச் சமைத்துக்கொள்வார்கள். ஆறு கட்டில்களில் ஐந்து, மூன்று பொறியாளர்களுக்கும் கணக்கருக்கும் பண்டகக் காப்பாளருக்கும். ஆறாவது கட்டில் ஃபோர்மேனுக்கு. இந்த ஏற்பாடு எண்ணெய்க் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

பிறகுதான் வேலை தெரிந்தவர்களைத் தேடினோம். அவர்கள் தாராவியில் இருந்தார்கள்.

வெல்டர்களைச் சோதிக்க எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பொறியாளர் வந்தார். இரண்டு குழாய்த் துண்டுகளைச் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த இடத்தைக் குறுக்கே பட்டை பட்டையாக அறுத்து, வைஸில் பூட்டி, சம்மட்டியால் அடித்து வளைப்பார். விரிசல் கண்டால் ஆள் வெளியே. முற்றத்தில் தாராவிக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். பொறியாளர், வரிசையில் நின்ற ஒருவனுடைய குழாயை முகத்தருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏலே, துரை மோந்து பாக்கான் பாரு. ராத்திரி தின்ன கருவாட்டு வாசம் குழாயில ஏறிட்டு போல."

"உன் குழாய மோந்தா மயங்கி விழுந்திருவான்லே. நீ பேசாம நில்லு."

வரிசையே குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பை ஒரு கையசைப்பில் அடக்கியவர்தான் நான் எழுத வந்த மனிதர். நாற்பது வயதிருக்கும். எங்கள் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து சிறுவயதில் வந்து தாராவியில் தங்கிவிட்ட கிறிஸ்தவர். மற்றவர்கள் அவரை மிஸ்திரி என்று அழைத்தார்கள். அவர் பற்றவைத்த பட்டை தூண்டில் முள்ளைப் போல முழுவதும் வளைந்தது. மயிரிழை அளவுகூடப் பிளக்கவில்லை. பொறியாளர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேறு இரண்டு பட்டைகளையும் வளைத்துப் பார்த்தார். கடைசியில் என்னிடம், இவர்தாம் ஃபோர்மேன், எழுதிக்கொள் என்றார். எழுதிக்கொண்டேன். அன்று தேறிய மற்ற இருபத்திரண்டு பேரும் மிஸ்திரி அழைத்து வந்தவர்கள்.

மறுநாள் அவர் தனியாக என் மேசைக்கு வந்தார். சம்பளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"சார், ஒரே ஒரு விசயம். அங்கன எண்ணெ டாங்குக்குள்ள எறங்கணும்லா? எறங்கலாம்னு சீட்டு எழுதிக் குடுக்கது யாரு?"

விதிகளைப் புரட்டிப் பார்த்தேன். தொட்டியை வடித்து, காற்றோட்டம் விட்டு, ஆள் இறங்கத் தக்கது என்று சீட்டில் கையெழுத்திட வேண்டியவர் ஃபோர்மேன்.

"அப்பம் நாந்தான?"

"நீங்கள்தான்."

"அது போதும் சார்." கைகளை மேசைமேல் வைத்தார். "இங்கன ஒரு கம்பெனியில ஆபீஸ்ல இருந்த சாப், சேரை விட்டு எந்திக்காமலே சீட்டுல கையெழுத்துப் போட்டான். ரெண்டு பேரு எறங்குனாங்க. உள்ள காத்து கெட்டுக் கெடந்துச்சு. நாந்தான் கயித்தக் கட்டித் தூக்குனேன். ஒருத்தன் எந்தம்பி. இந்தப் பயலுவ வீட்டுலயெல்லாம் நான் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன், பாத்துக்கிடுங்க."

அவர் எதற்காக அந்தப் பதவியை வேண்டினார் என்பதை இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு அன்றே அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி எனக்கு இல்லை.

பட்டியலை மேலாளரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்துவந்தவர் ஃபோர்மேன் பெயரில் விரலை நிறுத்தினார். அது வேதாகமப் பெயர். அதைக்கொண்டு அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

"நீர் அந்தப் பக்கத்து மனுஷர்தானே? இவர் என்ன ஆள்?"

ஊர்ப் பெயரும், அவர் பேச்சினூடே சொன்ன தெருப் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தன. எங்கள் பக்கத்தவனுக்கு அவ்விரண்டும் போதும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்லியிருக்கலாம். நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன். மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதைப் போலச் சொன்னேன். அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை; ஒருமுறை சொன்னது போதும்.

மேலாளர் பட்டியலை மெல்ல மூடினார்.

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நான் தாராவிக்காராளோட பட்டறையிலே உட்கார்ந்து டீ சாப்பிட்டவன். ஆனா அந்த வீட்டிலே ஒரே கிச்சன், ஒரே டேபிள். குக் ஒத்துக்க மாட்டான். குக் வரலேன்னா அஞ்சு பேரும் வரமாட்டா. அஞ்சு பேர் வரலேன்னா ப்ராஜெக்ட்டே இல்லை. நீரே சொல்லும், நான் என்ன பண்ணட்டும்?"

"அப்படியானால் ஃபோர்மேன் யார், சார்?"

"ஸ்டோர்ஸிலே டிப்ளமா படிச்ச பிள்ளை இருக்கானே, அவனைப் போடும். மிஸ்திரியை அவனுக்குக் கீழே லீடிங் ஹாண்டுன்னு போடும். சம்பளம் அதே. யாருக்கும் நஷ்டமில்லை."

டிப்ளமாக்காரர் நல்லவர்தாம், ஆனால் வெல்டிங் தீயின் முன் நின்று வேலை செய்தவர் அல்லர். புதிய பட்டியலைத் தட்டச்சு செய்தேன்.

மிஸ்திரிக்குச் செய்தியைச் சொல்லும் பொறுப்பும் என்னுடையதாயிற்று. அறை, உணவு, ஒப்பந்தம் என்று சுற்றி வளைத்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. அத்தகைய வாக்கியங்களை அவர் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டு வந்தவர்.

"சாப்பாடுதான் தொந்தரவா சார்? நான் அந்த வீட்டுப் பக்கமே வரல. பயலுவளோட கொட்டாயில கெடக்கேன். கட்டிலு எனக்கெதுக்கு? கையெழுத்து மட்டும் எங்கிட்ட இருக்கட்டும். இதக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். மேலாளர் இரக்கத்தோடு தலையசைத்தார். ஃபோர்மேன் கொட்டகையில் படுத்தால் எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் காரணம் கேட்பார்களாம். காரணத்தை அவர்களிடம் சொல்ல முடியாதாம். அந்தக் காரணம் வெளியே சொல்ல வெட்கப்பட வேண்டியது என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதை ஒரு மனிதர் தலையில் ஏற்றுவதற்கு மட்டும் வெட்கம் குறுக்கிடவில்லை.

அன்று மாலை நான் நேரே மாட்டுங்கா மெஸ்ஸுக்குப் போனேன். சமையற்காரரை எப்படியேனும் இசைய வைத்துவிடலாம் என்று எண்ணினேன். அவர் பின்கட்டில் சேனைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைச் சொன்னேன். அரிவாள்மணையிலிருந்து அவர் கையை எடுத்த வேகத்தில் கிழங்கு உருண்டது.

"நான் எப்போ ஓய் சொன்னேன்? யார் சொன்னா உமக்கு?"

"நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று மேலாளர்..."

"அவர் எங்கிட்டே கேட்டாரா? நீர் கேட்டீரா? கப்பல்லே காலை வெச்சப்புறம் எனக்கென்ன ஓய் ஆசாரம்? அரபிக்காரன் டின்னிலே கொண்டுவர ஜலத்திலேதான் சாதம் வடிக்கப்போறேன். அவன் கையைப் பார்ப்பேனா? அஞ்சு பேருக்கு வடிக்கறவன் ஆறாமவனுக்கு வடிக்க மாட்டேனா? தட்டை மட்டும் அவாவா அலம்பி வெக்கணும். அது கலெக்டர் வந்தாலும் அப்படித்தான்." பிறகு, குரல் சற்று இறங்கிச் சொன்னார்: "எம் பேரைச் சொல்லி ஒருத்தன் பொழைப்பிலே மண்ணைப் போட்டிருக்கேளே. நன்னாருக்கு."

உருண்ட கிழங்கை எடுத்து அவரிடம் கொடுத்தேன். எத்தனையோ நாள் அவர் கையால் உண்டிருக்கிறேன். அவர் என்ன நினைப்பார் என்பதை அவரைக் கேளாமலே நானும் தீர்மானித்திருந்தேன். மேலாளர் சொன்னதும் நம்பினேன். நம்புவதற்கு எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. குடுமியும் பூணூலும் அடுப்படியும் தெரிந்தன. அவை போதுமானவையாக இருந்தன. மிஸ்திரியின் தெருப்பெயர் எனக்குப் போதுமானதாக இருந்தது போலவே.

மறுநாள் காலை மேலாளரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த வீரம் அவ்வளவுதான்.

"சார், சமையற்காரர் அப்படி எதுவும் சொல்லவில்லை."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லலேன்னா என்ன? கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

"நான் கேட்டேன் சார். சமைப்பேன் என்கிறார்."

"இப்போ சொல்லுவான். அங்கே போய் மாசம் ஒண்ணானதும் மூஞ்சியைத் தூக்குவான். இல்லே, மத்த அஞ்சு பேர்லே ஒருத்தன் தூக்குவான். உமக்கு லோகம் தெரியலை. லிஸ்ட் போயாச்சு, ஓய். போய் பாஸ்போர்ட் வேலையைப் பாரும்."

போய்ப் பாஸ்போர்ட் வேலையைப் பார்த்தேன். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நான் நாற்காலியை உதைக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிக்கு எழுதவில்லை. அந்த வெள்ளைக்காரப் பொறியாளர் இன்னும் நான்கு நாள் பம்பாயிலேயே தங்கியிருந்தார். விடுதி எது என்று எனக்குத் தெரியும். பேருந்தில் அரை மணி நேரம். போகவில்லை.

மிஸ்திரி விலகிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் விலகினால் நாங்களும் இல்லை என்று இருபத்திரண்டு பேரும் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். ஆகவே அவர் லீடிங் ஹாண்டாகக் கப்பலேறினார். துறைமுகத்தில் என்னைப் பார்த்தபோது ஒன்று மட்டும் சொன்னார்: "கையெழுத்து இல்லாட்டா என்ன சார், டாங்கு வாயிலயே நின்னுக்கிடுதேன்."

எட்டாவது மாதம் வளைகுடாவிலிருந்து ஓர் அறிக்கை வந்தது. அதைக் கோப்பில் சேர்க்கும் முன் பல முறை படித்தேன். நடந்தது அதிலேயே தெளிவாக இருந்தது. ஃபோர்மேன் காலைச் சிற்றுண்டி முடித்து, வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தபடியே சீட்டில் கையெழுத்திட்டிருக்கிறார். மிஸ்திரி தொட்டியின் வாயருகே முகத்தைக் கொண்டுபோனவர், உடனே திரும்பி, ஆட்களை உட்காரச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு பேரும் நாள் முழுவதும் மணலில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டி மேலும் ஓர் இரவு திறந்து கிடந்தது. மறுநாள் இறங்கினார்கள், வேலையை முடித்து நலமாக ஏறி வந்தார்கள். ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. எதுவும் ஆகாததே குற்றத்திற்குச் சான்றாயிற்று: தொட்டி பாதுகாப்பாகவே இருந்திருக்கிறது, ஆகவே மிஸ்திரி செய்தது வீண் கலகம், ஒரு நாள் வேலை கெட்டது. முதல் நாள் தொட்டி எப்படி இருந்தது என்பதை மெய்ப்பிக்க ஒரு பிணம் தேவைப்பட்டிருக்கும். அதைத் தர அவர் மறுத்துவிட்டார். அதற்காக அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஒழுங்கீனம், தூண்டிவிடல், மீண்டும் சேர்க்கத் தகாதவர். மூன்றையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து மிஸ்திரி செம்பூர் அலுவலகத்துக்கு வந்தார். முகம் கறுத்து வற்றியிருந்தது. ஆட்களிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்திருந்தது.

"பெரிய டாங்க் ஒண்ணத் தொறக்கப் போறாங்களாம் சார். என்னத் திரும்ப அனுப்புங்க. லீடிங் ஹாண்டு வேண்டாம். கலாசியா அனுப்புங்க, வாளி தூக்குதேன்."

"முடியாது மிஸ்திரி. உங்களை மீண்டும் எடுக்கக் கூடாது என்று ஃபைலில் இருக்கிறது."

"யாரு எழுதுனது?"

"மேலிடத்து உத்தரவு. நான் டைப் அடித்தேன்."

"அப்பம் எடுக்கலாம்னு இன்னொண்ணு அடிங்க."

"என்னால் முடியாது."

"அன்னைக்கி முடிஞ்சுதே சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே அறிய விரும்பியவரைப் போலக் கேட்டார். பிறகு ஒரு விண்ணப்பத் தாளைக் கேட்டு வாங்கி, என் பேனாவாலேயே நிரப்பி, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "பாவம்" என்றார். கோப்பில் சேர்க்கச் சொன்னார்.

ஒப்பந்தக் காலம் முடிந்து இருபத்திரண்டு பேரும் உயிரோடு திரும்பினார்கள். மேலாளர் மகிழ்ந்தார். "பார்த்தீரா? அவன் சொன்னதெல்லாம் வெறும் பயம்" என்றார். இரண்டாண்டுகளில் ஒரு விபத்தும் இல்லாமல் தொட்டி வேலையை நடத்தியமைக்காக ஃபோர்மேனுக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்றைத் தயாரிக்கச் சொன்னார். அதைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்த அன்று, திரும்பி வந்தவர்களில் ஒருவர் தம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ள வந்தார். சோதனை நாளில் கருவாட்டு வாசத்தைப் பற்றிக் கேலி பேசியவர் அவர்தாம். பெரிய தொட்டியில் எப்படி இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"அந்தச் சீட்ட நம்பியா? நல்லாருக்கே. மிஸ்திரி போகும்போது சொல்லிட்டுத்தான் போனாவ. காலைல சீட்டு வரும். ஒருத்தன் ஸ்பேனரக் காணோம்பான். ஒருத்தன் வயித்து வலிம்பான். ஒருத்தன் கயித்தக் கொண்டுபோயி எங்கனயாவது போட்டுட்டு வருவான். பாதி நாளு ஓடிரும். காத்தும் ஓடிரும். பொறவுதான் எறங்குவோம். அந்த டிப்ளமா எங்களச் சோம்பேறிப் பயலுவன்னு ஏசும். ஏசட்டும்னு விட்டுருவோம்."

இதை மேலாளரிடம் வந்து சொல்லுங்கள் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது போலும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சொன்னா மிஸ்திரிய எடுப்பாவளா?"

நான் யோசித்தேன். எடுக்க மாட்டார்கள் என்றேன்.

"அடுத்த பேட்ச்ல எங்கள எடுப்பாவளா?"

அதற்கும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பொறவு என்னத்துக்கு சார்?" என்று எழுந்தவர், தட்டச்சுப் பொறியில் பாதியில் நின்ற கடிதத்தை எட்டிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். ஃபோர்மேனின் பெயரையும், ஒரு விபத்தும் இல்லை என்று அதன் கீழிருந்த வரியையும் படித்தார். "அடிங்க, அடிங்க. உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வெளியேறினார்.

அடித்தேன். பிழையில்லாமல், இரண்டு படிகள்: ஒன்று கோப்புக்கு, ஒன்று ஃபோர்மேனுக்கு.